டாக்ஸி ரேங்க் வரை போய்த் திரும்பிய குப்பி

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். வீடு சாட்ஸ்வொர்த்தில். குவினோலின், ட்ரையசோல் என்ற இரண்டு வளைய அமைப்புகளை இணைத்து 14 சேர்மங்கள் செய்தேன். அவற்றில் ஒன்பதாவது, ஹீலா புற்று செல்களை 3.1 மைக்ரோமோலார் அளவிலேயே பாதியாகக் குறைக்கிறது. ஹெச்.இ.கே. 293 என்ற சாதாரண செல்களை 50 மைக்ரோமோலார் கொடுத்தும் ஒன்றும் செய்யவில்லை. செலக்டிவிட்டி, அதாவது நல்ல செல்லை விட்டுப் புற்று செல்லைத் தாக்கும் விகிதம், 16-க்கு மேல். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைவிட நாலு மடங்கு பலம். மாரியம்மன் கோயில் கூழ் பூசையில் அப்பா எல்லோரிடமும், "என் மகள் கேன்சருக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டாள்" என்று சொல்லிவிட்டார். என் அம்மாவின் அண்ணனுக்குக் கணையத்தில் புற்றுநோய். கீமோவை நிறுத்திவிட்டார்கள். போன வாரம் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ செஞ்சதை எனக்குக் கொடும்மா, எப்படியும் போகப்போற உசிருதானே" என்றார். ஆய்வகத்தில் 180 மில்லிகிராம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அந்தக் குப்பியைப் பையில் போட்டுக்கொண்டு டாக்ஸி ரேங்க் வரை போய்விட்டேன். அப்புறம் திரும்பிப் போய் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். கொடுத்திருக்கலாமா? என் சேர்மம் உண்மையில் மருந்து ஆகுமா? பெயர் போடாதீர்கள்.

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

நீ என்றே எழுதுகிறேன், என் மகளைவிடச் சின்னவள் நீ. தமிழை சனிக்கிழமைப் பள்ளியில்தான் படித்தேன், பிழை இருந்தால் மன்னியுங்கள் என்று கடைசியில் எழுதியிருந்தாய். பிழை ஒன்றும் என் கண்ணில் படவில்லை. மாமா சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதியிருந்த இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

கொடுத்திருக்கக் கூடாது. டாக்ஸி ரேங்கிலிருந்து திரும்பி நடந்தாயே, அதுதான் சரி. இனியும் கொடுக்காதே. ஆனால் கூடாது என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், மாமா வலியில் முனகும் ஒரு ராத்திரிக்குப் பிறகு மறுபடியும் அந்த ஃப்ரிட்ஜ் பக்கம் உன் கை போகும். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

நீ ஒரு கணக்குப் போட்டிருப்பாய். உன் இடத்தில் இருந்தால் நானும் போட்டிருப்பேன். ஒன்பதாம் சேர்மத்தின் மூலக்கூறு எடை 412 என்று நீ கடிதத்தோடு இணைத்த குறிப்பில் இருக்கிறது. 3.1 மைக்ரோமோலார் என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 1.3 மில்லிகிராம். 70 கிலோ எடையுள்ள மனிதர் உடம்பில் சுமார் 42 லிட்டர் தண்ணீர். பெருக்கினால் 54 மில்லிகிராம். குப்பியில் இருப்பது 180. ஆக மூன்று வேளைக்கு வரும். இந்தக் கணக்கு இவ்வளவு சுலபமாக வருவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

செல் வளர்க்கும் குழிகள் கொண்ட தட்டில் உன் சேர்மம் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைந்து, 72 மணி நேரம் அந்தக் குழிக்குள்ளேயே இருந்தது. செல் எங்கும் போகவில்லை, மருந்தும் எங்கும் போகவில்லை. வாய் வழியே போனால் முதலில் வயிற்று அமிலம், அப்புறம் குடல், குடலைத் தாண்டினால் கல்லீரல். கல்லீரல் அதை அரை மணியில் வேறொன்றாக மாற்றிவிடலாம். அந்த வேறொன்று என்ன செய்யும் என்று உனக்கும் தெரியாது, உன் கைடுக்கும் தெரியாது. ரத்தத்துக்குள் போனதில் நூற்றுக்கு 99 பங்கை ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் பிடித்துக்கொண்டால், வேலை செய்ய மிஞ்சுவது ஒரு பங்கு. உன்னுடையது போன்ற தட்டையான, எண்ணெய்ப் பசை விரும்பும் மூலக்கூறுகள் தண்ணீரில் சரியாகக் கரையாமல் படிந்துபோவதும் உண்டு. மாமாவுக்குப் பித்தக்குழாய் அடைத்து ஸ்டென்ட் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் அவர் கல்லீரல் ஏற்கெனவே அடிவாங்கியது. நல்ல கல்லீரல் தாங்கும் அளவை அது தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று. உன் சேர்மம் இதுவரை ஒரு கணைய செல்லைக்கூடப் பார்த்ததில்லை. ஹீலா என்பது 1951-ல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து, அவரிடம் கேட்காமலே எடுத்து வளர்த்த செல். அதன் பிழைப்பே அதற்குள் இருக்கும் வைரஸின் புரதங்களை நம்பித்தான். கணையப் புற்று அப்படி இல்லை. பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அங்கே கெட்டுப்போயிருப்பது கேராஸ் என்ற மரபணு. கட்டியைச் சுற்றி நார்ச் சுவர் மாதிரி ஒன்று கட்டிக்கொள்ளும், ரத்தக்குழாய் குறைவு, நரம்பில் ஏற்றும் நல்ல மருந்துகளே உள்ளே புகத் திணறும்.

ஒரு விஷயம் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் ஆய்வகத்தில் தயோசெமிகார்பசோன் வகையில் ஒரு சேர்மம் செய்தோம். இரும்பைப் பிடித்துக்கொள்ளும் வகை. புற்று செல்கள் பெருகுவதற்கு இரும்பு நிறைய வேண்டும், அதைப் பறித்தால் அவை நிற்கும் என்பது எண்ணம். தட்டில் பிரமாதமாக வேலை செய்தது. தோல் செல்கள் சாகவில்லை, லுகேமியா செல்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. எலிக்குக் கொடுத்தோம். அன்று சாயங்காலமே எலிகள் கூண்டு மூலையில் ஒடுங்கிவிட்டன. காதும் பாதமும் நீலம் பாரித்திருந்தன. ரத்தம் எடுத்துப் பார்த்தபோது அது சிவப்பாக இல்லை, சாக்லேட் நிறத்தில் இருந்தது. எங்கள் சேர்மம் ஹீமோகுளோபினைக் கெடுத்து, ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிட்டது. நாங்கள் சோதித்த எந்தத் தட்டிலும் சிவப்பணு இல்லை. இல்லாத செல்லைப் பற்றித் தட்டு எப்படிச் சொல்லும்? அன்றைக்கு அந்த எலிகளின் இடத்தில் ஒரு மனிதர் இருந்திருந்தால் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்குகிறது.

"போகப்போற உசிருதானே" என்று மாமா சொன்னதற்கு வருகிறேன். இழக்க ஒன்றும் இல்லை என்று நோயாளிகள் சொல்லும்போது எதிரில் இருப்பவரால் பதில் பேச முடியாது. ஆனால் அவரிடம் இழக்க நிறைய இருக்கிறது, மகளே. அம்பிலோ கோயிலுக்கு வருடா வருடம் காவடி எடுத்தவர், இப்போதும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேரப்பிள்ளைகளிடம் கதை சொல்கிறார் என்று எழுதியிருந்தாயே, அந்த வாசல் நாற்காலி இருக்கிறது. நினைவோடு பேசும் வாரங்கள் இருக்கின்றன. ரெண்டு வாய் சாப்பிட முடிகிற வயிறு இருக்கிறது. தெரியாத ஒரு தூள் இதையெல்லாம் மூன்று நாளில் எடுத்துவிடலாம். அப்படி நடந்தால், நோயால் நடந்ததா உன்னால் நடந்ததா என்று கடைசி வரை உனக்குத் தெரியாமலே போகும். நீ 23 வயதுப் பெண், அந்தக் கேள்வியோடு இன்னும் அறுபது வருடம் வாழ வேண்டும். சட்டப்படியும் குற்றம்தான், பட்டமும் போகும். ஆனால் என் மனதில் முதலில் வருவது சட்டம் இல்லை.

சரி, அவருக்காக என்ன செய்யலாம்? நிறையவே செய்யலாம். வீட்டில் வேதியியலும் மருத்துவச் சொற்களும் புரிந்தவள் நீ ஒருத்திதான், அதனால் உன்னால்தான் முடியும்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நீயும் கூடப் போ. பிராக்கா மரபணுச் சோதனை செய்தார்களா என்று கேள். கணையப் புற்று வந்தவர்களில் ஒரு சிறு பங்கினருக்கு பிராக்கா 1 அல்லது 2 பிறவியிலேயே பழுதாக இருக்கும். அவர்களுக்கு ஓலாபரிப் என்ற மாத்திரை உண்டு. பிளாட்டினம் கீமோவுக்குக் கட்டுப்பட்ட நோயைத் தள்ளி வைக்க 2019 டிசம்பரில் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. மாமாவுக்கு இப்போது அது பொருந்துமா என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும். பொருந்தாமலே போகலாம், அதிக நம்பிக்கை வளர்த்துக்கொள்ளாதே. ஆனால் அந்தச் சோதனை அவருக்கு மட்டும் இல்லை. மாமா உன் அம்மாவின் கூடப்பிறந்தவர். அவருக்கு அந்தப் பழுது இருந்தால் உன் அம்மாவுக்கு இருக்கப் பாதி வாய்ப்பு. அம்மாவிடமிருந்து உனக்கும் வந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொண்டால் மார்பகத்தையும் சினைப்பையையும் முன்கூட்டியே கவனிக்க வழி உண்டு.

மருத்துவச் சோதனை எதிலாவது சேர முடியுமா என்றும் கேள். இங்கே அப்படிப்பட்ட சோதனைகளுக்கென்று தேசியப் பதிவேடு இருக்கிறது. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ராவும் நெறிமுறைக் குழுவும் அனுமதித்தால்தான் எந்தச் சோதனையும் நடக்கும். சோதனை மருந்துக்கு நோயாளியிடம் யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 1965-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தில் 21-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இந்த நாட்டில் பதிவாகாத மருந்தைக் குறிப்பிட்ட ஒரு நோயாளிக்காக வரவழைக்க டாக்டர் அதன்படி விண்ணப்பிக்கலாம். உன் மனசு எங்கே போகும் என்று தெரியும். அந்தப் பிரிவு உன் குப்பிக்கு உதவாது. தரமும் அளவும் தெரிந்த மருந்துக்குத்தான் அந்த வழி.

வலிக்கு வருவோம். மார்பின் என்றதும் நம் குடும்பங்களில், "அது கொடுத்துட்டா முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. சரியான அளவில் கொடுத்தால் அவர் எழுந்து உட்காருவார், பேசுவார், தூங்குவார். மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் கூடவே கேட்டு வாங்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் நரம்புப் பின்னலில் ஊசி போட்டு வலியைத் தடுக்கும் முறை உண்டு. கணையப் புற்றில் அது நன்றாகவே கேட்கும். சாப்பிட்டது செரிக்காமல் மலம் வெளுத்து, எண்ணெய்ப் பசையாக மிதக்கிறதா என்று மாமியிடம் தனியாகக் கேட்டுப் பார். இருந்தால் சாப்பாட்டோடு விழுங்கும் கணைய நொதி மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் சொல். இது பலருக்குத் தெரியாமலே போய், நோய்தான் ஆளை உருக்குகிறது என்று விட்டுவிடுகிறார்கள். உருக்கத்தில் ஒரு பங்கு செரிக்காத சாப்பாட்டால். காய்ச்சலோ, மறுபடி மஞ்சளோ வந்தால் ஸ்டென்ட் அடைத்திருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. டர்பனில் ஹைவே ஹாஸ்பிஸ் இருக்கிறது. ஹாஸ்பிஸ் என்றால் சாகக் கொண்டுபோய் விடும் இடம் என்று நினைக்காதீர்கள், நர்ஸ்கள் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். இன்றே பேசுங்கள். கடைசி வாரத்தில் கூப்பிடுவதைவிட இப்போது கூப்பிட்டால் அவருக்கு எவ்வளவோ நல்லது.

மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லாதே, பக்கத்தில் உட்கார்ந்து சொல். "மாமா, நான் செஞ்சது இன்னும் மருந்து ஆகலை. ஒரு தட்டுல செல்லைக் கொன்னுச்சு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஒரு எலிக்குக்கூட நான் கொடுத்ததில்லை. உங்களுக்குக் கொடுக்க என் கை வரலை. ஆனா உங்க வலியைக் குறைக்க யாரைப் பார்க்கணுமோ அவங்களை எல்லாம் நான் பார்க்கிறேன்." இவ்வளவு போதும். அவருக்குக் கோபம் வரலாம், அழலாம். நீ எழுந்து போகாமல் இரு.

அப்பாவிடமும் பேசு. பெருமையில்தான் சொன்னார், சண்டை போடாதே. ஆனால் அந்தக் கோயிலில் அதைக் கேட்டவர்களில் வேறு வீடுகளிலும் புற்றுநோய் இருக்கும். அவர்கள் அடுத்த வாரம் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், அல்லது நல்ல மருந்து வரப்போகிறது என்று கீமோவைத் தள்ளிப்போடுவார்கள். "என் மகள் ஆராய்ச்சி செய்கிறாள், இன்னும் மருந்து ஆகவில்லை" என்று அப்பாவே வாயால் திருத்திச் சொல்ல வேண்டும்.

இனி ஒன்பதாம் சேர்மம். நீ இணைத்திருந்த இரண்டு பக்கக் குறிப்பைப் பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். உன் 16 என்ற எண்ணைக் கொஞ்சம் உலுக்கிப் பார்க்கப் போகிறேன். மனம் தளராதே, எல்லா நல்ல எண்களையும் இப்படித்தான் உலுக்குவோம்.

ஹெச்.இ.கே. 293-ஐ நீ சாதாரண செல் என்கிறாய். உன் மேல் தவறில்லை, அச்சான கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் அப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் அது சாதாரண செல் இல்லை. 1973-ல் நெதர்லாந்தின் லைடனில் கருவின் சிறுநீரக செல்களுக்குள் அடினோவைரஸின் டிஎன்ஏவைப் புகுத்தி, முடிவில்லாமல் பெருக வைத்த செல் அது. குரோமோசோம் எண்ணிக்கையே தாறுமாறு. நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத எலியில் அது கட்டியாகவும் வளரும். ஆக நீ ஒப்பிட்டது ஒரு புற்று செல்லையும் ஒரு நல்ல செல்லையும் இல்லை, வைரஸால் தடம் மாறிய இரண்டு செல்களை. உன் 16 சொல்வது, ஹீலாவுக்குள் இருக்கும் ஏதோ ஒன்றில் இந்தச் சேர்மம் கை வைக்கிறது, அல்லது ஹெச்.இ.கே. இதை உள்ளே விடாமல் தள்ளுகிறது என்பதுதான். இரண்டில் எது என்பது உண்மையிலேயே நல்ல கேள்வி. ஹெச்.இ.கே.யும் வேகமாகப் பெருகும் செல்தான், ஆகவே பெருகுகிற எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் விஷமாக இது இல்லாமலும் இருக்கலாம். அந்த அளவுக்கு எனக்கும் ஆசை வருகிறது.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். ஹீலாவைக் குழிக்கு 5,000 செல், ஹெச்.இ.கே.யைக் குழிக்கு 10,000 என்று போட்டிருக்கிறாய். செல் அதிகமானால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் மருந்து குறையும். உன் 16-ல் ஒரு பகுதி அங்கேயே கரைந்துபோகலாம். இரண்டையும் அவற்றின் வளர்ச்சி வேகம் பார்த்து, 72 மணி நேரம் கழிந்தும் குழி நிரம்பாத மாதிரி போட்டு மறுபடி செய்.

அப்புறம் சிஸ்பிளாட்டின். அதை எதில் கரைத்தாய்? குறிப்பில் "எல்லாச் சேர்மங்களும் டிஎம்எஸ்ஓவில்" என்று இருக்கிறது. சிஸ்பிளாட்டினை டிஎம்எஸ்ஓவில் கரைக்கவே கூடாது. டிஎம்எஸ்ஓ பிளாட்டினத்தைப் போய்ப் பிடித்துக்கொண்டு, மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடும். உப்புநீரில் கரைக்க வேண்டும். நீ நாலு மடங்கு தோற்கடித்தது கையைக் கட்டிப்போட்ட சிஸ்பிளாட்டினை. இந்தத் தவறைப் பெரிய பெரிய ஆய்வகங்களும் செய்திருக்கின்றன.

செல் உயிரோடு இருக்கிறதா என்று நிறத்தை வைத்துப் பார்க்கும் எம்டிடி சோதனையை மட்டும் நம்பாதே. மஞ்சள் உப்பை ஊதாவாக மாற்றுவது செல்லின் வளர்சிதை நொதிகள். செல் சாகாமல் சோர்ந்து கிடந்தாலும் ஊதா குறையும். சில சேர்மங்கள் செல்லே இல்லாத குழியிலும் தாமாகவே ஊதாவை உண்டாக்கும். செல் இல்லாத குழியில் உன் சேர்மத்தையும் எம்டிடியையும் மட்டும் போட்டு ஒருமுறை பார். செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் ட்ரைபன் புளூ சாயம் போட்டு எண்ணு. பத்து நாள் வைத்திருந்து, தப்பித்த செல்கள் மறுபடி கூட்டமாக வளர்கின்றனவா என்று பார். செல்களில் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்று இருக்கிறதா என்ற சோதனையைப் பற்றிக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. அதையும் செய்.

நல்ல செலக்டிவிட்டி எப்படி இருக்கும் என்று உனக்கு ஒரு உதாரணம் காட்ட ஆசை. 1996-ல் பிரயன் ட்ரூக்கர் குழுவினர் பின்னாளில் இமாட்டினிப் ஆன சேர்மத்தை நாள்பட்ட மைலாய்டு லுகேமியா நோயாளிகளின் மஜ்ஜையிலும், நோயில்லாதவர்களின் மஜ்ஜையிலும் போட்டுப் பார்த்தார்கள். நோய் மஜ்ஜையில் அந்தக் கெட்ட மரபணு கொண்ட செல் கூட்டங்கள் நூற்றுக்கு 92 முதல் 98 வரை குறைந்தன. நல்ல மஜ்ஜை அப்படியே வளர்ந்தது. அவர்கள் எதோடு ஒப்பிட்டார்கள் என்று கவனி. கீமோவில் முதலில் அடிபடும் உறுப்பான மஜ்ஜையையே ஒப்பீட்டுக்கு எடுத்தார்கள். ஏன் வேலை செய்கிறது என்பதும் முன்பே தெரிந்திருந்தது. அந்த லுகேமியாவை ஓட்டுவது பிசிஆர்-ஏபிஎல் என்ற ஒரே நொதி, அதன் வாயை அடைக்கவே அந்த மூலக்கூறைச் செதுக்கினார்கள். 2001 மே மாதம் அது மருந்தாக வந்தது.

மேலே சொன்ன ஓலாபரிப் கதையும் இப்படித்தான். 2005-ல் இரண்டு குழுக்கள், பிராக்கா பழுதான செல்லையும், மற்ற எல்லாவற்றிலும் அதே மாதிரி இருந்து பிராக்கா மட்டும் சரியாக உள்ள செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தன. ஒரே செல், ஒரே ஒரு மரபணு மட்டும் வேறு. பழுதானது செத்தது, சரியானது பிழைத்தது. அப்போது தேர்ந்தெடுத்துக் கொல்கிறது என்று துணிந்து சொல்லலாம். எண் பெரிதா சிறிதா என்பதைவிட, ஏன் என்று சொல்ல முடிகிறதா என்பதைத்தான் உன் ஆய்வேட்டில் நான் தேடுவேன்.

சொல்ல முடிந்ததும் தவறிப்போகலாம். 2019-ல் அமெரிக்காவில் ஒரு குழு, மனிதரில் சோதனை வரை போன சில மருந்துகளை எடுத்து, அவை தாக்குவதாகச் சொல்லப்பட்ட புரதத்தின் மரபணுவையே செல்லிலிருந்து வெட்டி எடுத்துப் பார்த்தது. குறி இல்லாத செல்லையும் மருந்து அதே மாதிரி கொன்றது. அதாவது வேறெதையோ தாக்கிக்கொண்டிருந்தது.

மருந்து ஆகுமா என்றாய். மனிதரில் முதல் கட்டச் சோதனைக்குள் நுழையும் புற்றுநோய் மருந்துகளிலேயே நூற்றுக்கு ஐந்து போலத்தான் கடைசியில் கடைக்கு வருகின்றன. நீ அந்த முதல் கட்டத்துக்கும் பல வருடம் முன்னால் நிற்கிறாய். நம் ஈஸ்டர்ன் கேப்பில் ஆற்றோரம் வளரும் காம்பிரிட்டம் மரத்திலிருந்து 1980-களில் அரிசோனாவில் ஜார்ஜ் பெட்டிட் பிரித்தெடுத்த காம்பிரிட்டாஸ்டாட்டின் தட்டில் உன்னுடையதைவிடப் பல நூறு மடங்கு கூர்மை. கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயையே அடைக்கும். மனிதரில் ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் தொட்டது. இத்தனை வருடம் கழித்தும் அது மருந்துக் கடைக்கு வரவில்லை. அதனால் அந்த வேலை வீண் என்று நான் நினைக்கவில்லை. செல்லின் எலும்புக்கூடு மாதிரியான நுண்குழல்களை ஆராய்பவர்கள் இன்றும் அதை எடுத்துத்தான் பயன்படுத்துகிறார்கள்.

உன் கைடோடு பேச வேண்டியது இது. உண்மையான நல்ல செல்கள் வேண்டும்: தோலிலிருந்து நேரடியாக வளர்த்த செல்கள், தூண்டிவிட்டுப் பெருகவைத்த ரத்த வெள்ளணுக்கள், முடிந்தால் மஜ்ஜை. தோல் செல் மெதுவாகப் பெருகும், அது மட்டும் பிழைத்தால் ஏமாந்துவிடாதே, வெள்ளணுவும் பிழைக்க வேண்டும். சிவப்பணு உடைகிறதா, நிறம் மாறுகிறதா என்பதை ஒரு மத்தியானத்தில் பார்த்துவிடலாம். என் எலிகளுக்காகவாவது அதைச் செய். மாமாவை நினைத்துக்கொண்டுதான் இருப்பாய், அதனால் பாங்க்-1 போன்ற கணையப் புற்று செல்லையும் சேர்த்துக்கொள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 60 வகைப் புற்று செல்களில் சோதித்துத் தரும் திட்டத்தை 1990-ல் தொடங்கியது. வெளியாட்களின் சேர்மங்களையும் கட்டணம் இல்லாமல் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் எல்லாவற்றையும் எடுப்பதில்லை. கிடைத்தால், எந்தெந்தச் செல் செத்தது என்ற வடிவத்தை வைத்தே இது எந்த வகை மருந்தைப் போல நடக்கிறது என்று ஊகிக்கலாம். கேப் டவுனில் கெல்லி சிபாலே 2010-ல் தொடங்கிய ஹெச்3டி மையத்தில், வேதியியலோடு கல்லீரல் நொதி, கரைதிறன், ரத்தத்தில் தங்கும் நேரம் எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே சேர்த்துப் பார்க்கிறார்கள். அவர்கள் முக்கியமாக மலேரியாவில் வேலை செய்பவர்கள், ஆனால் ஒரு தட்டு முடிவிலிருந்து மனிதச் சோதனை வரை இந்தக் கண்டத்திலிருந்தே ஒரு சேர்மத்தைக் கொண்டுபோனவர்கள். அடுத்த படிப்புக்கு அந்தப் பக்கம் பார்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு காரியம். ட்ரையசோல் வளையத்தைக் காப்பர் சல்பேட்டும் சோடியம் அஸ்கார்பேட்டும் போட்டு மூடியிருக்கிறாய், 2022-ல் நோபல் வாங்கிய அந்தக் கிளிக் வினை. சுலபமான வினை, ஆனால் செம்பு கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். குவினோலினில் இருக்கும் நைட்ரஜனும் ட்ரையசோலின் நைட்ரஜனும் சேர்ந்து அதை இடுக்கி மாதிரிப் பிடித்துக்கொள்ளக்கூடிய அமைப்பு உன்னுடையது. செம்பே செல்லைக் கொல்லும். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆரில் அது தெரியாது, சுத்தத்தை அளக்கும் ஹெச்பிஎல்சியில் 98 சதவீதம் சுத்தம் என்று வந்தாலும் தெரியாது. செம்பு போகக் கழுவி, உலோகத்தை அளக்கும் ஐசிபி கருவியில் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) மிச்சம் என்று அளந்து, அதே தட்டில் வெறும் காப்பர் சல்பேட்டையும் ஒரு வரிசை போட்டுப் பார். மற்ற 13-லும் அதே செம்பு வினைதான், ஒன்பதுக்கு மட்டும் இந்தப் பலம் ஏன் என்பதற்குப் பதில் அங்கே கிடைத்தாலும் கிடைக்கும்.

திங்கட்கிழமை குப்பியை உன் கைடிடம் கொடுத்து, அவர் பூட்டும் அலமாரியில் வைக்கச் சொல். நடந்ததையும் அவரிடம் சொல்லிவிடு, மறைக்காதே. செம்பு அளவு வந்ததும் எனக்கு எழுது, மாமா எப்படி இருக்கிறார் என்பதையும்.